பைபர் போட் வேகம்: அடி எது, என்ஜின் எங்க, அப்புறம்தான் எச்பி

"அண்ணே, 9.9 வச்சிருக்கேன், 40 போட்டா பறக்குமா?" காசிமேட்டுலேர்ந்தும் எண்ணூர் குப்பங்கள்லேர்ந்தும் திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது (9.9, 40ங்கிறது என்ஜினோட எச்பி, அதாவது குதிரை சக்தி). கூடவே இன்னும் ரெண்டு வரும். "லாங் டெயிலை கழட்டிட்டு அவுட்போர்டு மாட்டலாமா?", "புது போட் செய்யப் போறோம், யார்டுகாரரு 'வி' அடி போடச் சொல்றாரு, போடலாமா?" லாங் டெயில்னா நீள ஷாப்ட் வச்ச டீசல் என்ஜின், அவுட்போர்டுனா காத்தாடியோட (புரொப்பெல்லர்) சேந்து அமரத்துக்கு (போட்டோட பின்முனை) வெளிய மாட்டுற என்ஜின். மூணுக்கும் தனித்தனியா பதில் சொன்னா எங்கயாவது ஒரு இடத்துல இடிக்கும், ஏன்னா மூணும் உள்ளுக்குள்ள ஒரே கேள்விதான். அடிப்பாகமும் என்ஜின் உக்கார்ற இடமும் ஒண்ணுக்கொண்ணு ஜோடி சேரணும், சேரலைனா எச்பிக்கு குடுக்குற காசு பூரா அமரத்துக்குப் பின்னாடி வெள்ளை நுரையாப் போயிடும். கடையில விக்கிறவரு எச்பி பத்தி மட்டும்தான் பேசுவாரு, அவரு விக்கிறது அதைத்தானே. அதனால நாம அடியிலேர்ந்து ஆரம்பிப்போம்.

## எதை வச்சு அளக்குறது

வேகம்னு சொன்னா எந்த வேகம்னு முதல்ல முடிவு பண்ணிக்கங்க. காலி போட்ல ஒரே ஆளு நின்னுக்கிட்டு, கண்ணாடியாட்டம் கெடக்குற தண்ணியில ஓட்டிப் பாக்குற வேகம் யாருக்கும் சோறு போடாது. நான் பாக்கச் சொல்றது இந்த அஞ்சு:

- வலை, ஐஸ், நாலு ஆளு, மீனு எல்லாம் ஏத்தின பிறகு கிடைக்கிற வேகம்
- வாடைக் காத்து எதுத்து அடிக்கும்போது, முதுகு ஒடியாம புடிச்சுக்கிட்டு வர முடியுற வேகம்
- ஆழம் கம்மியான இடம், முகத்துவாரம், மணல் கரை இதுக்கெல்லாம் ஒத்துக்குமா
- ஒரு மைலுக்கு எவ்ளோ எண்ணெய் குடிக்குது
- ரெண்டு மூணு வருஷம் கழிச்சு எது உடையும், உடைஞ்சா இங்க யாரு பாப்பாங்க

முதல் ரெண்டுலதான் ஜனங்க ஏமாறுறது, அஞ்சாவதுலதான் காசு போறது.

## எல்லாத்துக்கும் நடுவுல இருக்குற மேடு

போட் ஓடும்போது தன்னோட அலையை தானே கிளப்புது. வேகம் ஏற ஏற அந்த அலையோட நீளமும் ஏறும். ஒரு கட்டத்துல அலையோட நீளமும் போட் தண்ணியைத் தொடுற நீளமும் சமமாயிடும், அப்போ அணியம் (முன்முனை) ஒரு அலை மேல, அமரம் பின்னாடி அலை மேல, போட் நடுப்பள்ளத்துல மாட்டிக்கும். அதுக்கு மேல வேகம் வேணும்னா முன்னாடி இருக்குற சொந்த அலை மேலயே ஏறியாகணும். அந்த இடம் எங்க வரும்னு ஒரு பழைய கணக்கு இருக்கு: தண்ணி தொடுற நீளத்தை அடியில எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 1.34ஆல பெருக்குனா நாட் (கடல்ல வேகத்தை அளக்குற அலகு) கணக்குல வேகம். 25 அடிக்கு 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர் சொச்சம். 36 அடிக்கு 8 நாட். நம்ம பைபர் போட்ல 9.9 வச்சு ஓட்டுற பாதிப்பேரு 6, 7 நாட்லயே நிக்கிறதுக்கு காரணம் என்ஜின் சோம்பேறித்தனம் கிடையாது, இந்த மேடுதான்.

மேட்டைத் தாண்டினா கதையே வேற. அடிப்பாகம் தண்ணியை கீழ தள்ள, தண்ணி போட்டை மேல தூக்க, ஓட்டாஞ்சில்லை குளத்துல விட்டெறிஞ்சா தத்தித் தத்தி போகுமே அப்படி மேலாக்க ஓட ஆரம்பிக்கும். நம்ம சைஸ் போட்டுக்கு 12லேர்ந்து 14 நாட் கிட்ட போனாத்தான் அது நல்லா செட்டாகும். அங்கிருந்து எடைக்கும் எச்பிக்கும் இருக்குற விகிதம்தான் எல்லாம். இதுக்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: மொத்த எடையை பவுண்டுல போட்டு எச்பியால வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 150ஐ அதால வகுக்கணும். லோடோட 1 டன், 40 எச்பினா சுமாரா 20 நாட். அதே போட்ல இன்னும் 500 கிலோ ஏறிச்சுனா 16.5 நாட். எச்பியை ரெண்டு மடங்கு ஆக்கினா வேகம் 1.4 மடங்குதான் ஆகும், ரெண்டு மடங்கு வேகம் வேணும்னா நாலு மடங்கு எச்பி. மேட்டைத் தாண்டாத போட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதை 10 எச்பிக்கு போட்டுப் பாத்துட்டு சந்தோஷப்படாதீங்க.

இந்த ரெண்டுக்கும் நடுவுல, 8 நாட்லேர்ந்து 12 நாட் வரைக்கும் இருக்குற இடம்தான் நாசம். மூக்கு வானத்தைப் பாக்கும், அமரம் குழிக்குள்ள உக்காந்திருக்கும், முன்னாடி கெடக்குற மெதப்பு கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய் மட்டும் கடகடனு இறங்கும். 9.9ஐ கழட்டிட்டு கனமான போட்ல 20, 25 போட்டவங்க பலபேரு இந்த நடுப்பகுதியிலதான் மாட்டிக்கிறாங்க. காசும் போச்சு, வேகமும் ரெண்டு நாட்தான் ஏறுச்சுனு வருத்தப்படுவாங்க. அதனால முதல் முடிவு இதுதான்: மேட்டுக்கு இந்தப் பக்கமே நிம்மதியா ஓடப் போறீங்களா, இல்ல சுத்தமா தாண்டிப் போகப் போறீங்களா? அடியும் என்ஜின் இடமும் ஒரே பக்கத்து ஆளா இருக்கணும்.

## அடிப்பாகம்: மூணு விதம்

### தட்டை அடி

அடி கிட்டத்தட்ட பலகையா இருக்கும், இல்லைனா 5, 6 டிகிரி சாய்வு. கம்மி எச்பியிலயே மேல ஏறிடும், அமைதியான தண்ணியில ஒரு எச்பிக்கு கிடைக்கிற வேகத்துல இதை அடிச்சுக்க ஆளில்ல. முழங்கால் தண்ணியிலயும் மெதக்கும். பழவேற்காடு ஏரி சராசரியா ஒரு மீட்டர் ஆழம்தான், எண்ணூர் கழிமுகத்துல அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்சு படிஞ்சு ஆத்துக்கு நடுவுலயே ஆளு நிக்கிற அளவுக்கு ஆழம் கொறைஞ்ச இடங்க இருக்கு, அங்கெல்லாம் இதுதான் ராஜா.

முகத்துவாரத்தைத் தாண்டினதும் வேற கதை. கடல் அலையில ஒவ்வொரு இறக்கத்துக்கும் அடி பூராவும் ஒரே நேரத்துல தண்ணியில அறையும். அந்த அறை முதுகுக்கு, என்ஜின் போல்ட்டுக்கு, பைபர் மூட்டுக்கு எல்லாத்துக்கும் விழும். பயந்து ஆக்சிலேட்டரை கொறைப்பீங்க, உடனே மேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுவீங்க. பேப்பர்ல 18 நாட் போற போட் வாடையில 7 நாட்ல வரும். மறைஞ்சு நிக்கிற செலவு அதுதான்: குறுக்குச் சட்டங்க இருக்குற இடத்துல வர்ற வெடிப்பு, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பைபர் வேலை.

### நடுத்தர 'வி' அடி

அமரத்துக்கிட்ட 12லேர்ந்து 18 டிகிரி சாய்வு, அணியத்துக்கிட்ட இன்னும் கூரா. காசிமேட்டுலேர்ந்து காலையில போயி மத்தியானத்துக்குள்ள திரும்புற போட்டுக்கு என்னைக் கேட்டா இதுதான். அலையை முன்பக்கம் வெட்டும், பின்பக்கம் போதுமான அளவுக்கு தட்டையா இருக்குறதால 40 எச்பியிலயே மேல ஏறும், நின்னு வலை இழுக்கும்போது ரொம்ப ஆடாது. எல்லாத்துலயும் ரெண்டாவது இடம்னு சொல்லலாம், ஆனா கடல்ல எல்லாத்துலயும் ரெண்டாவதா வர்றவன்தான் தெனமும் வீடு வந்து சேருவான்.

### ஆழ 'வி' அடி

அமரம் வரைக்கும் 20லேர்ந்து 24 டிகிரி சாய்வு கொறையாம வரும். இதை உலகத்துக்குக் காட்டுனது அமெரிக்காவுல ரே ஹன்ட்னு ஒரு டிசைனர். 1960ல நடந்த மயாமி–நசாவ் கடல் ரேஸ்ல, கடல் கொந்தளிச்சு மத்த போட்டெல்லாம் திணறும்போது, அவரு டிசைன் பண்ணின 'மாப்பி'ங்கிற போட் முதல்ல வந்துச்சு. அதைவிட பெரிய என்ஜின் வச்ச போட்டெல்லாம் இருந்துச்சு, ஆனா அதுங்க அலைக்குப் பயந்து வேகத்தைக் கொறைக்க வேண்டி வந்துச்சு, இது கொறைக்கல. மேலே சொன்ன அஞ்சு அளவுகோல்ல ரெண்டாவதை ஏன் போட்டேன்னு இப்போ புரிஞ்சிருக்கும்.

ஆனா இதுக்கு விலை உண்டு. கூரான அடி தண்ணியை பக்கவாட்டுல தள்ளுறதுலயே சக்தியை செலவு பண்ணும், அதனால அதே எடைக்கு அதே வேகத்துல போக எச்பி கூட வேணும், மேட்டைத் தாண்டவே 40 முக்கும். நின்ன இடத்துல இந்தப் பக்கம் ரெண்டு பேரு வந்தா சாயும், வலை இழுக்குற ஆளுங்களுக்கு இது பெரிய தொந்தரவு. மணல்ல ஏத்தினா ஒரு பக்கமா சாஞ்சு படுக்கும். மீன்பிடிக்கு இதை நான் சிபாரிசு பண்றதில்ல, தூரமா ஆளுங்களை ஏத்திக்கிட்டு போற சர்வீஸ் போட், ரெஸ்க்யூ போட்டுக்கு எடுத்துக்கலாம்.

ரெட்டை அடி போட் பத்தியும் கேக்குறாங்க. ஒடுக்கமான ரெண்டு அடி இருக்குறதால மேலே சொன்ன மேடு அதுக்கு சின்னதாத்தான் வரும், அது உண்மை. ஆனா எடைக்கு ரொம்ப கோவப்படும், ரெண்டு அடிக்கும் நடுவுல இருக்குற பாலம் லோடுல இறங்கிடுச்சுனா அலை அடியில வந்து குத்தும். ஐஸும் மீனும் ஏத்துற நமக்கு அது பொருந்தாது.

## எந்த அடியா இருந்தாலும் பாக்க வேண்டிய மூணு விஷயம்

இதை எந்த கேட்டலாக்லயும் போட மாட்டாங்க. ஆனா ஒரே அச்சுல எடுத்த ரெண்டு போட் வேற வேற வேகத்துல ஓடுறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒண்ணு, அமரத்துலேர்ந்து முன்னாடி அஞ்சாறு அடி தூரம் அடிப்பாகம் நேர்கோட்டுல இருக்கணும். போட் கரையில ஏறியிருக்கும்போது கீழ குனிஞ்சு, ஏராவுக்கு (அடி நடுவுல நீளமா ஓடுற முதுகெலும்புச் சட்டம்) பக்கத்துல, முன்பின்னா ஒரு நூலை இழுத்துப் புடிச்சுப் பாருங்க. நடுவுல நூலுக்கும் பைபருக்கும் இடைவெளி தெரிஞ்சா அடி உள்வாங்கியிருக்கு, ஓடும்போது அது மூக்கை கீழ அமுத்தி வேகத்தைத் தின்னும். மாறா நடு புடைச்சிக்கிட்டு, முன்னும் பின்னும் ரெண்டு முனையும் நூல்லேர்ந்து வெலகி இருந்தா, வேகம் ஏறும்போது மூக்கு மேல கீழனு குதிக்க ஆரம்பிக்கும். ஒரு நூல் (எட்டுல ஒரு பங்கு இன்ச்) அளவு வித்தியாசம்கூட 15 நாட்ல தெரியும்.

ரெண்டு, அமரத்தோட கீழ் ஓரம் கத்தி கணக்கா கூரா இருக்கணும். நம்ம யார்டுங்கள்ல பைபர் துணி கூர் மூலையில ஒழுங்கா படியாதுங்கிறதால அந்த ஓரத்தை உருட்டி விட்டுடுறாங்க. உருண்ட ஓரத்தை விட்டு தண்ணி பிரிய மாட்டேங்கும், சுத்திக்கிட்டு மேல ஏறி அமரத்தைப் புடிச்சு இழுக்கும். ரெசினும் பைபரும் வச்சு அந்த ஓரத்தை மட்டும் கூராக்கிக்கிறது சின்ன செலவு.

மூணாவது நம்ம ஊருக்கே உரியது. மணல்ல இழுக்குறதுக்காக ஏராவை தடிமனா வச்சு அமரம் வரைக்கும் கொண்டு வந்து வெட்டி விடுறாங்க. லாங் டெயிலுக்கு அது பரவாயில்ல, காத்தாடி தூரத்துல சுத்துது. ஆனா அவுட்போர்டு மாட்டினா அந்த தடிச்ச ஏராவுக்குப் பின்னாடி கலங்கி வர்ற காத்து கலந்த தண்ணி நேரா காத்தாடிக்குள்ள போகும். என்ஜின் கத்தும், போட் போகாது. அமரத்துக்கு ஒன்றரை ரெண்டு அடி முன்னாலயே ஏராவை சரிவா இழைச்சு முடிச்சிடணும். காத்தாடிக்கு நேர் முன்னாடி எக்கோ சவுண்டர் (ஆழம் பாக்குற கருவி) மாட்டுறதும் இதே தப்புதான், பக்கவாட்டுல மாட்டுங்க.

## என்ஜின் இடம்: நாலு விதம்

### அமரத்துல லாங் டெயில்

டீசல் என்ஜின் அமரத்து மேல, நீளமான ஷாப்ட் பின்னாடி தண்ணியில. எண்ணெய் செலவு கம்மி, ரோட்டோரத்துல ஜெனரேட்டர் பாக்குற மெக்கானிக்கே இதைப் பாத்துடுவாரு, சேறு சாம்பல் வந்தா ஷாப்டை தூக்கிக்கலாம், கரைக்கு வரும்போதும் தூக்கிக்கலாம். மேட்டுக்கு இந்தப் பக்கம் 6, 7 நாட்ல நாள் பூரா ஓடணும்னா இதுக்கு நான் மறுப்பு சொல்ல மாட்டேன்.

வேகத்துக்கு மட்டும் இது ஆவாது. ஷாப்ட் சாய்வா இறங்குறதால தள்ளுற சக்தியில ஒரு பங்கு அமரத்தை மேல தூக்குறதுக்கே போயிடும், மூக்கு தண்ணியில குத்தும். காத்தாடி தண்ணி மட்டத்துக்கு பக்கத்துலயே சுத்துறதால அலையில வெளிய வந்து வெறும் காத்தை அடிக்கும். வேகமா ஓட்டினா கையில புடிச்சிருக்குற தண்டை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும், ராத்திரி வந்து தோள்பட்டை பேசும். மறைவான செலவு புஷ்ஷும் பேரிங்கும், அப்புறம் அதிர்வால அமரத்து பைபர் போல்ட் ஓட்டைங்க பெருசாகுறது.

### அமரத்துல அவுட்போர்டு

மேட்டைத் தாண்டணும்னா நம்ம சைஸுக்கு இதுதான் வழி. காத்தாடி அடிக்குக் கீழ சுத்தமான தண்ணியில சுத்துது, ஷாப்ட் சாய்வு இல்ல, தள்ளுற கோணத்தை மாத்திக்கலாம், போட்டுக்குள்ள இடம் அடைக்காது. சுக்கானும் தனியா தேவையில்ல, அது இழுக்குற இழுப்பும் மிச்சம்.

ஆனா உயரம் சரியா இல்லைனா எல்லாம் வீண். கீழ் கியர் பெட்டிக்கு மேல படுக்கையா ஒரு தகடு இருக்கும் பாருங்க, அது போட்டோட அடி மட்டத்துக்கு வரணும், 'வி' அடினா ஒரு இன்ச் மேலகூட போகலாம். இதைப் பாக்க சிம்பிளான வழி: நேரான ஒரு சட்டத்தை ஏராவுக்கு அடியில ஒட்டிப் புடிச்சு பின்னாடி நீட்டுங்க, சட்டமும் தகடும் ஒரே கோட்டுல இருக்கணும். தகடு ரெண்டு இன்ச் கீழ தொங்குச்சுனா கியர் பெட்டியே தண்ணியை இழுத்துக்கிட்டு வருது, பின்னாடி தண்ணி பீச்சி அடிக்கும். ரெண்டு இன்ச் மேல இருந்துச்சுனா திரும்பும்போது காத்தாடி காத்தை இழுத்து என்ஜின் திடீர்னு அலறும், கூலிங் தண்ணியும் கொறையும். அவுட்போர்டுங்க 15 இன்ச், 20 இன்ச், 25 இன்ச் அமரத்துக்குனு வருது. செகண்ட் ஹேண்டுல வாங்குறவங்க எச்பியைக் கேக்குறாங்க, இந்த இன்ச்சைக் கேக்குறதே இல்ல, வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிப் பாத்துதான் அய்யோங்கிறாங்க.

சில பேரு அமரத்துக்குப் பின்னாடி பிராக்கெட் வச்சு என்ஜினை ஒரு அடி பின்னுக்குத் தள்ளுறாங்க. அடியை விட்டு வெளிய வந்த தண்ணி மேல எழும்புறதால 8, 10 இன்ச் பின்னால போனா ஒரு இன்ச் என்ஜினை ஒசத்திக்கலாம், இழுப்பு கொறையும், வேகம் கொஞ்சம் ஏறும். ஆனா எடை பின்னால போறதால மூக்கு தூக்கும், அமரத்துல வர்ற முறுக்கும் கூடும். லேசான, அளவா லோடு ஏத்துற போட்டுக்கு மட்டும் பண்ணுங்க.

இப்போ 9.9லேர்ந்து 40க்கு போறவங்களோட மறைவான செலவு. 9.9 என்ஜின் சுமாரா 40 கிலோ, 4-ஸ்ட்ரோக் 40 எச்பி 100 கிலோ பக்கம். தள்ளுற சக்தியும் பல மடங்கு. உங்க அமரம் அதுக்கு செஞ்சதா? பைபருக்குள்ள பிளைவுட் வச்சிருப்பாங்க, பழைய போல்ட் ஓட்டை வழியா தண்ணி இறங்கி உள்ளுக்குள்ள அது ஊறி மக்கிப் போயிருக்கும், வெளிய பளபளனு இருக்கும். ஒரு சின்ன சுத்தியலோட பின்பக்கத்தால தட்டிக்கிட்டே வாங்க, டக் டக்னு கெட்டியா கேக்குற இடம் நல்லா இருக்கு, பொத்து பொத்துனு அமுங்கிக் கேக்குற இடம் ஊறிடுச்சு. ஊறின அமரத்துல 40 மாட்டக்கூடாது, இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது. அமரத்தை புதுசா கட்டுற செலவு, பெட்ரோல் டேங்க், ஸ்டியரிங், மீன்வளத்துறை பதிவுல என்ஜின் மாத்துறது எல்லாம் சேத்துதான் 40ஓட விலை. ஓட்டும்போது கில் ஸ்விட்ச் கயிறை (இழுபட்டா என்ஜினை நிறுத்துற கயிறு) கையில மாட்டிக்கங்க, 15 நாட்ல ஆளு தெறிச்சு விழுந்தா போட் நிக்காது, சுத்தி வந்து ஆளு மேலயே ஏறும்.

எண்ணெய் விஷயத்துல, பழைய 2-ஸ்ட்ரோக் அவுட்போர்டு அதே வேலைக்கு டீசலைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு குடிக்கும். 4-ஸ்ட்ரோக் நடுவுல நிக்கும்.

இன்னொண்ணு, 80 ஒண்ணா, 40 ரெண்டான்னு கேட்டா, வேகத்துக்கு ஒண்ணுதான். ரெண்டு கியர் பெட்டி தண்ணியில இருந்தா இழுப்பு ரெண்டு, எடையும் கூட. தூரமா போறவங்களுக்கு ஒண்ணு நின்னா இன்னொண்ணு வீட்டுக்குக் கொண்டாந்து சேக்கும், அந்த தைரியத்துக்குத்தான் ரெண்டு.

### நடுவுல இன்போர்டு டீசல்

கனமான என்ஜின் தாழ்வா, நடுவுல உக்காரும். அலையில போட் அமைதியா நடக்கும், பெரிய காத்தாடி மெதுவா சுத்தி லோடை அசராம தள்ளும். ஹார்பர்ல கட்டியிருக்குற விசைப்படகெல்லாம் இப்படித்தான், அதுங்க வேலைக்கு அதுதான் சரி. 1980கள்ல சென்னையை தலைமையிடமா வச்சிருந்த வங்காள விரிகுடா திட்டத்துக்காரங்க கரையிலேர்ந்து இறங்குற சின்ன போட்டுக்கும் டீசல் இன்போர்டு கொண்டு வந்தாங்க, கரைக்கு வரும்போது காத்தாடியை மேல தூக்கிக்கிற ஏற்பாடோட. எண்ணெயை மிச்சம் பிடிக்கணும், அதே நேரத்துல மணல்ல ஏறணும்ங்கிற நம்ம கரையோட பிரச்சினைக்கு அது நல்ல யோசனை.

வேகத்துக்குனு பாத்தா: ஷாப்ட் 10, 15 டிகிரி சாய்வுல வெளிய வருது, அந்த ஷாப்ட், அதைத் தாங்குற கை, சுக்கான் எல்லாம் தண்ணியில இழுக்கும். 20 அடி, 28 அடி போட்ல அந்த எடையோட மேட்டைத் தாண்டுறது கஷ்டம். ஸ்டெர்ன் கிளாண்டுல (ஷாப்ட் வெளிய போற ஓட்டையோட அடைப்பு) சொட்டுற தண்ணி, ஷாப்ட் நேர் தப்பினா வர்ற அதிர்வு, என்ஜினை வெளிய எடுக்கணும்னா மேல் தட்டையே கழட்டணும், இதெல்லாம் பின்னாடி வர்ற செலவு. கூர் அமரம் (பின்முனையும் அணியம் மாதிரி கூரா முடியுறது) இருக்குற போட்ல இன்போர்டு வச்சா 6, 7 நாட்ல அவ்ளோ சுகம். அகலமான வெட்டு அமரம் மெதுவான வேகத்துல தண்ணியை பின்னாடி இழுத்துக்கிட்டே போகும், 10 எச்பி இன்போர்டுக்கு அப்படிப்பட்ட அடியை வாங்குறது வேண்டாத செலவு.

### ஸ்டெர்ன் டிரைவ், வாட்டர் ஜெட்

சுருக்கமா சொல்லிடுறேன். ஸ்டெர்ன் டிரைவ்ல என்ஜின் உள்ள, கால் வெளிய. வால்வோ பென்டா 1959ல கொண்டு வந்தது. வேகம் நல்லா வரும், ஆனா அமரத்து ஓட்டையை மூடுற ரப்பர் பெல்லோஸ் வெடிச்சா தண்ணி நேரா போட்டுக்குள்ள. எப்பவும் உப்புத் தண்ணியிலயே கட்டி வைக்கிற நம்ம வழக்கத்துக்கு அலுமினியக் கால் தாங்காது.

வாட்டர் ஜெட் (தண்ணியை உறிஞ்சி பின்னாடி பீச்சித் தள்ளுறது) 25 நாட்டுக்கு மேலதான் தன் வேலையைக் காட்டும். எண்ணூருக்கு வடக்க காட்டுப்பள்ளி எல் அண்ட் டி யார்டுலயும் கட்டுன கோஸ்ட் கார்டு இன்டர்செப்டர் போட்டுங்க 45 நாட் தொடுறது ஜெட்லதான். 7 நாட்ல அதே ஜெட் எண்ணெயை வீணடிக்கும். காசிமேடு ஹார்பர் தண்ணியில மெதக்குற பிளாஸ்டிக் பையும் வலைத் துண்டும் உறிஞ்சு வாயில அடைச்சா அங்கயே நின்னுடும்.

## ஒரே பார்வையில

| என்ஜின் இடம் | எந்த அடியோட சேரும் | லோடோட எதிர்பாக்கலாம் | ஆழம் கம்மி, மணல் கரை | எண்ணெய் | பின்னாடி வர்ற செலவு |
|---|---|---|---|---|---|
| லாங் டெயில் | தட்டை, லேசான 'வி' | 6–7 நாட் | ரொம்ப நல்லது | கம்மி | புஷ், பேரிங், அதிர்வு |
| அவுட்போர்டு 9.9 | லேசான, ஒடுக்கமான போட் | 6–7 நாட் | நல்லது, தூக்கிக்கலாம் | நடுத்தரம் | இம்பெல்லர் (கூலிங் தண்ணி பம்புச் சக்கரம்), கியர் ஆயில் |
| அவுட்போர்டு 40 | நடுத்தர 'வி' | 16–20 நாட் | பரவாயில்ல | அதிகம் | அமரம் பலப்படுத்தல், திருட்டு பயம் |
| இன்போர்டு டீசல் | கூர் அமரம், கனமான அடி | 6–8 நாட் | தூக்குற ஏற்பாடு இல்லைனா கஷ்டம் | கம்மி | கிளாண்டு, ஷாப்ட் நேர் |
| ஜெட் | ஆழ 'வி' | 25க்கு மேல | ஆழம் ஓகே, குப்பை ஆகாது | ரொம்ப அதிகம் | இம்பெல்லர் தேய்மானம் |

40 வரிசையில இருக்குற வேகம் லோடோட மொத்தம் 1 டன்லேர்ந்து 1.5 டன் வரைக்கும், அடி சுத்தமா இருக்குற போட்டுக்கு. கொட்டலசு (ஓட்டோட அடியில ஒட்டி வளர்ற கடல் பிராணி) ஒட்டின அடியில இந்த நம்பரைத் தேடாதீங்க, அது மேட்டைத் தாண்டவே விடாது.

## யாரு எதை எடுக்கலாம்

எண்ணூர் ஆத்துக்குள்ளயும் பழவேற்காட்டுலயும் இறா, நண்டு பாக்குறவங்க தட்டை அடி, லாங் டெயில் இல்லைனா சின்ன அவுட்போர்டோட இருங்க. மாத்துறதுக்கு எந்தக் காரணமும் இல்ல, தட்டுப்படாம போயி வர்றதுதான் உங்களுக்கு வேகம்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் தூண்டிலும் வலையும் போட்டு அன்னன்னைக்கே திரும்புறவங்க, மீனு மார்க்கெட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வந்தா உங்களுக்கு உண்மையிலயே விலை கூட கிடைக்குதானு பாருங்க. கிடைக்குதுனா நடுத்தர 'வி', 40 அவுட்போர்டு, லோடை 1.5 டன்னுக்குள்ள கட்டுப்படுத்துற ஒழுக்கம். அந்த ஒழுக்கம் வராதுனு தெரிஞ்சா, எப்பவும் ரெண்டு டன் ஏத்துறதுதான் வழக்கம்னா, 40க்கு காசு போடாதீங்க, நடுப்பகுதியில மாட்டிக்குவீங்க. டீசல் இன்போர்டு வச்சு நீளமான கூர் அமரப் போட் செய்ங்க, நீளம் கூடினா மேடும் தள்ளிப் போகும், எண்ணெயும் மிச்சம்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ஓரமா கருங்கல் கொட்டின பிறகு மணல் கரையே இல்லாத குப்பங்கள்ல, போட்டை ஹார்பர்ல கட்டிதான் வைக்கணும். அங்க ஏராவை தடிமனா வச்சு இழுக்குற தேவையே போச்சு, புது போட் செய்யும்போது அதை கேட்டு மெலிசா வாங்குங்க. ஆனா தண்ணியிலயே கெடக்குறதால அடிக்கு கொட்டலசு ஒட்டாம தடுக்குற பெயின்ட் கட்டாயம். அந்த பெயின்ட்ல தாமிரம் இருந்தா அலுமினியக் கியர் பெட்டி மேல தப்பித்தவறிகூட படக்கூடாது, அரிச்சுடும். என்ஜின் கால்ல இருக்குற சிங்க் (துத்தநாக) கட்டியையும் பெயின்ட் அடிச்சு மூடாதீங்க, அலுமினியத்துக்குப் பதிலா அது கரையுறதுக்குத்தான் வச்சிருக்கு.

## காசு குடுக்குறதுக்கு முன்னாடி இருக்குற என்ஜின்லயே

ஐஸ் பெட்டியும் வலையும் எங்க இருக்குனு பாருங்க. மேலாக்க ஓடுற போட்டுக்கு மொத்த எடையோட மையம் அமரத்துலேர்ந்து நீளத்துல 35, 40 சதவீதத்துல இருந்தா நல்லது. எல்லாத்தையும் அமரத்துல குமிச்சு வச்சுட்டு மூக்கு தூக்குதுனு என்ஜினைத் திட்டுறோம். பெட்டியை ரெண்டு அடி முன்னால நகத்திப் பாருங்க.

அவுட்போர்டு கிளாம்ப்ல நாலஞ்சு ஓட்டையும் ஒரு பின்னும் இருக்கும், வாங்கின அன்னைக்கு எந்த ஓட்டையில இருந்துச்சோ அதுலயே வருஷக்கணக்கா கெடக்கும். மூக்கு குதிச்சா பின்னை ஒரு ஓட்டை உள்ளுக்கு போடுங்க, மூக்கு தண்ணியை உழுதா ஒரு ஓட்டை வெளிய. லோடோட புல் ஆக்சிலேட்டர்ல ஆர்பிஎம் எவ்ளோனு பாருங்க, கம்பெனி சொன்ன அளவைத் தொடலைனா காத்தாடி பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னேறுற தூரம்) அதிகம். ஒரு இன்ச் கொறைச்சா 150, 200 ஆர்பிஎம் ஏறும்.

ஒவ்வொண்ணையும் தனித்தனியா மாத்தி, ஒவ்வொரு தடவையும் போன் ஜிபிஎஸ்ல வேகத்தை எழுதி வைங்க. நீரோட்டத்தோட ஒரு ஓட்டம், அதே தூரம் எதுத்து ஒரு ஓட்டம், ரெண்டையும் கூட்டி பாதி. அதுவும் ஐஸ் ஏத்தின போட்ல, காத்து கிளம்பின பிறகு.